கம்பமும் காப்பும்: ஊவாத் தோட்டக் கூத்தின் முதல் இரவு

தமிழில் 'காப்பு' என்னும் சொல் இரண்டு இடங்களில் முதன்மை பெறுகின்றது. நூலின் முகப்பில் நிற்கும் கடவுள் வணக்கச் செய்யுள் காப்பு எனப்படும். விரதம் பூண்டவனின் மணிக்கட்டில் ஏறும் மஞ்சட் கயிறும் காப்பு எனப்படும். முன்னது புலவனுக்கு உரியது. பின்னது கூத்தனுக்கு உரியது. ஏடு கற்றோர் முன்னதை இலக்கிய மரபு என்று போற்றுவர். பின்னதைப் பாமரர் நம்பிக்கை என்று புறத்தே தள்ளுவர். பதுளையைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களிலே கூத்துத் தொடங்கும் இரவில் நிகழும் சடங்குகளை நாம் அவ்வாறு தள்ளிவிடலாமா, அன்றி நாடகத் திறனாய்வாளன் அறிந்துகொள்ளத்தக்க பொருள் அவற்றினுள் யாதேனும் உண்டா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் புலவர் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சிக் குமரகோட்டத்தில் கந்தபுராணத்தை அரங்கேற்றியபொழுது நிகழ்ந்ததாக வழங்கும் வரலாற்றை நம்மிற் பெரும்பாலோர் இளமையிலேயே கேட்டிருப்போம். விநாயகர் காப்புச் செய்யுளின் முதற் சொற்புணர்ச்சிக்கு இலக்கண விதி இல்லை என்று அவையிலே ஒருவர் தடை எழுப்பினார். அன்று அவை கலைந்தது. பின்னர் முருகப்பெருமானே சோழநாட்டுப் புலவர் வடிவில் வந்து, வீரசோழியத்தில் அதற்கு விதியுண்டு என்று காட்டித் தடையை நீக்கினார் என்பது மரபு. தடை வாராதிருத்தற் பொருட்டுப் பாடப்பெற்ற செய்யுளிலேயே தடை வந்தது என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். காப்புப் பாடிவிட்டால் இடையூறு வாராது என்பது இவ்வரலாற்றின் கருத்தன்று. வந்த இடையூறு அவையின் முன்னிலையிலேயே எழுந்து, அவையின் முன்னிலையிலேயே தீர்தல் வேண்டும் என்பதே அதன் கருத்தாகும்.

அரங்கேற்றத்தின் முதல் நாளிலே அஞ்சாத கலைஞர் எந்நாட்டிலும் இலர். ஆங்கில நாட்டு நடிகர்கள் அரங்கினுள்ளே 'மக்பெத்' என்னும் சேக்ஸ்பியர் நாடகத்தின் பெயரை உச்சரிக்க அஞ்சுவர். 'ஸ்கொத்லாந்து நாடகம்' என்று சுட்டியே பேசுவர். மேடைக்குச் செல்லும் நடிகனை 'வெற்றி பெறுக' என்று வாழ்த்துதல் அவர்களிடையே தீக்குறியாகும். 'கால் முறியட்டும்' என்பதே அங்கே வாழ்த்து. நல்லது சொன்னால் கண்ணேறு படும், தீயது சொன்னால் விதி ஏமாறும் என்பது இதன் உட்கிடை. குழந்தையின் கன்னத்திலே கரும்பொட்டு வைக்கும் நம் தாய்மாருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. சப்பானிய கபுக்கி அரங்கிலே 1825ஆம் ஆண்டில் முதன்முதல் நடிக்கப்பெற்ற 'யொட்சுயா' பேய்க்கதையை ஆடப்புகும் நடிகர்கள், அக்கதையில் வஞ்சிக்கப்பட்டு மாண்ட ஓயிவா என்பாளுக்குரிய ஆலயத்தை முன்னரே சென்று வழிபட்டு வருவர். நம் தமிழ்நாட்டு நாடகக் கம்பெனிகளிலும் திரை உயருமுன் கர்ப்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்துப் பூசை போடுதல் தவறாத வழக்கமாயிருந்தது.

இவை அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது எளிது. நடிப்பு நிலையற்ற தொழில். நினைவு தவறலாம், குரல் கட்டலாம், அவை நகைக்கலாம். ஆதலின் நடிகன் எதையேனும் பற்றிக்கொள்ள விழைகின்றான் என்று உளநூலார் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மையன்று. ஒரு சடங்கை மதிப்பிடும்பொழுது, அது அச்சத்தினின்று பிறந்ததா என்று மட்டும் வினவினாற் போதாது. அதனால் வரும் நன்மை எவரை நோக்கிச் செல்கின்றது என்றும் வினவுதல் வேண்டும். நடிகன் தனக்காக நற்பேற்றை வேண்டுகின்றானா? அன்றி நடிகன் வாயிலாக அவை நற்பேற்றை எதிர்நோக்குகின்றதா? இவ்விரண்டாவது வினாவே நம்மை ஊவாத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்வது. அதற்குமுன், அங்கே நடப்பெறும் கம்பத்தின் முன்னோரை ஒருமுறை கண்டுவருதல் பயன் தரும்.

பரதரின் நாட்டிய சாத்திரம் முதல் நாடகத்தின் கதையைக் கூறுகின்றது. இந்திரனின் கொடி விழாவிலே தேவர் வெற்றியும் அசுரர் தோல்வியும் நடித்துக் காட்டப்பெற்றன. தம் தோல்வியைக் கண்ட அசுரர் வெகுண்டு, விக்கினங்களைத் துணைக்கொண்டு, நடிகரின் பேச்சும் அசைவும் நினைவும் உறையும்படி செய்தனர். இந்திரன் தன் கொடிக்கோலை எடுத்து அவர்களை நொறுக்கினான். அக்கோல் 'சர்ச்சரம்' எனப் பெயர் பெற்று அரங்கிலே வழிபடப்பெறுவதாயிற்று. இக்கதையை எடுத்துக் கூறுவோர் பலர் இவ்விடத்திலேயே நின்றுவிடுவர். ஆனால் கதை இங்கே முடியவில்லை. கோலால் அடித்தும் தடை முற்றும் நீங்கவில்லை; நாடகசாலை கட்டிக் காவல் வைத்த பின்னரும் பிரமன் அசுரரை அழைத்து, நாடகம் தேவர்க்கு மட்டும் உரியதன்று, மூவுலகத்தார் இயல்பையும் காட்டுவது, அதில் அவர்க்கும் இடமுண்டு என்று இன்சொல்லால் தெளிவிக்க வேண்டியிருந்தது. எனவே, அரங்கின் உண்மையான காவல் கோலன்று. அவையின் உடன்பாடே என்பது பெறப்படும்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் இதனையே வேறொரு வகையாற் காட்டுகின்றது. ஏழுகோல் அகலமும் எட்டுகோல் நீளமும் ஒருகோல் உயரமுமாக அரங்கு அமைக்கப்படுகின்றது. பகையரசனிடம் கவர்ந்த வெண்குடையின் காம்பு, கணுக்கள் தோறும் மணி பதித்துத் தலைக்கோலாக்கப்படுகின்றது. அதனை இந்திரன் மகன் சயந்தனாகப் பாவித்து, பொற்குடத்துப் புண்ணிய நீராட்டி, பட்டத்து யானையிடம் அளித்து, தேரை வலம்வரச் செய்து, ஊர் சூழ வந்து அரங்கிலே நிறுத்துகின்றனர். மாதவி வலக்காலை முன்வைத்து ஏறி, வலத்தூணைச் சார்ந்து நிற்கின்றாள். நன்மை பொலியவும் தீமை விலகவும் தெய்வப் பாடல் இரண்டு முறையாக இசைக்கப்படுகின்றன. அதன் பின்னரே ஆடல் தொடங்குகின்றது.

இச்சயந்தன் யார்? இந்திரன் அவையிலே ஊர்வசி ஆடியபோது, அவளும் அவனும் ஒருவரையொருவர் நோக்கி மயங்கியதால் ஆடல் பிழைத்தது. அகத்தியர் வெகுண்டு, ஊர்வசியை மண்ணுலகில் பிறக்குமாறும் சயந்தனை மூங்கிலாகுமாறும் சபித்தார் என்பது பழங்கதை. ஆகவே, முதல் நாளிலே மாதவியின் முன் நிறுத்தப்பெறும் மங்கலக் கோல், முன்னொரு நாள் பாழான ஆடலின் நினைவுச் சின்னமும் ஆகும். பரதர் கதையிலும் முதல் நாடகம் தடைப்பட்டது. கச்சியப்பர் வரலாற்றிலும் முதல் நாள் தடைப்பட்டது. நம் மரபு முதல் நாளின் தோல்வியை மறைக்கவில்லை. அதனைக் கோலாக்கி அரங்கின் நடுவே நட்டு வைத்தது. ஈண்டு மற்றொன்றும் குறிக்கத்தக்கது. அரசனும் ஐம்பெருங்குழுவும் ஊரும் சூழ வந்து நிறுத்திய கோலாதலின், மாதவியின் ஆடல் அவளுடைய தனிச் சொத்தாயிராமல் ஊரின் பொறுப்பாகிவிடுகின்றது.

இனி நம் மலைக்கு வருவோம். கோப்பிக் காலத்திலும் அதன் பின் தேயிலைக் காலத்திலும் திருச்சி, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்த மக்கள் தம்மோடு கொணர்ந்த செல்வங்களுள் கூத்தும் ஒன்று. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் மலையகத் தோட்டங்களில் சிறந்து விளங்கியவை. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலி எல, அப்புத்தளை என்னும் பெயர்களைக் கேட்டவுடன் பிறருக்குத் தேயிலையின் மணம் நினைவுக்கு வரும். இம்மலைகளிற் பிறந்து வளர்ந்தோர்க்கோ மாசி மாதத்து நிலவும் தப்பின் ஒலியும் நினைவுக்கு வரும்.

மாசித் திங்களில் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து மலை உலரத் தொடங்கியிருக்கும். அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்ட மாலையில் காமன் கம்பம் ஊன்றப்படும். ஆமணக்கு முதலிய கொம்புகளைச் சேர்த்து, வைக்கோற் பிரி சுற்றி, வறட்டி கட்டி, பிள்ளையார் பிடித்து வைத்துப் பூசை நிகழும். இடம் கோயில் முன்றிலாயிருக்கலாம். காலையிலே வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களமாகவும் இருக்கலாம். ரதியும் மன்மதனும் ஆகப்போகின்றவர்க்குக் காப்புக் கட்டப்படும். அன்று முதல் முழுநிலவு வரை இரவுதோறும் கம்பத்தைச் சுற்றிப் பாட்டும் ஆட்டமும் நடைபெறும். இறுதி இரவில் தூதனும் தேவேந்திரனும் நந்தியும் வீரபத்திரரும் குறவன் குறத்தியரும் தோன்றி ஆட, விடியலை அண்டிக் காமன் எரிக்கப்படுவான். எரிப்போடு விழா நிறைவுறாது. பின்னர்க் காமனை உயிர்ப்பித்த பின்னரே காப்பு அவிழும்.

இச்சடங்குகளுள் மூன்றை மட்டும் எடுத்து ஆராய்வோம். முதலாவது, தப்புக் காய்ச்சுதல். சருகும் வைக்கோலும் கொளுத்திய தீயிலே தப்பின் தோலைக் காட்டிச் சுருதி ஏற்றுவர். மலைப் பனியிலே தளர்ந்த தோல் சூடேறினாலன்றி ஒலிக்காது. இது தொழில் நுணுக்கமே. ஆயினும் அதைச் சுற்றி ஊர் கூடி நிற்கும் அமைதியைக் கண்டோர், தொழிலும் சடங்கும் அங்கே வேறு வேறல்ல என்பதை உணர்வர். மேனாட்டு அரங்கிலே சீழ்க்கை அடித்தல் தீக்குறி என்பதற்கும் இத்தகைய தொழிற்காரணம் ஒன்றைக் கூறுவர்: முற்காலத்தில் திரைச்சீலைக் கயிறுகளை இயக்கியோர் கப்பலோட்டிகளாதலின், சீழ்க்கையே அவர்களுக்குக் குறிப்பாயிருந்தது, வேறொருவர் அடித்தால் மேலிருந்து பாரம் இறங்கிவிடும் என்பர். குருட்டுத்தனம் என்று நாம் நகைப்பனவற்றுட் சில, மறந்துபோன தொழிலறிவாயிருத்தல் கூடும்.

இரண்டாவது, காப்புக் கட்டுதல். இதனைச் சிறு வயதிலே நான் கண்ட ஒரு காட்சியால் விளக்க விரும்புகின்றேன். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆண்டுதோறும் ரதி வேடம் தாங்கியவர் பகலிலே கவ்வாத்து வெட்டும் தொழிலாளி. மாலையிலே தவறணைக்குச் செல்லத் தவறாதவர், வாய்த்துடுக்கும் உடையவர். மூன்றாம் பிறையன்று காப்பு ஏறியதும் அம்மனிதர் மாறிப்போவார். புலால் இல்லை, தவறணை இல்லை, பாய் வேறு, உண்கலம் வேறு. நேற்றுவரை அவரை முறை சொல்லி நகையாடிய பெண்கள், அவர் லயத்து வாசலுக்கு வந்தால் மஞ்சள் நீர் கொண்டு கால் கழுவுவர். ஆயினும் காலையிலே கொம்பு ஊதினால் அவரும் பிரட்டுக்குப் போகவே வேண்டும். இரவெல்லாம் ஆடினார் என்பதற்காக அரைப்பேர் முழுப்பேர் ஆகிவிடாது. பகலெல்லாம் கத்தி பிடித்த கை, இரவிலே ரதியின் கையாகக் குவியும். 'இத்தனை வருத்தம் ஏன்?' என்று அவரை ஒருமுறை கேட்டேன். "தம்பி, நான் நல்லா ஆடணும்னு இல்ல, லயத்துல ஒரு குறையும் வந்துடக் கூடாது" என்றார். நாடகத் திறனாய்வு நூல் எதிலும் அந்த விடையைப் போலத் தெளிவான ஒன்றை நான் பின்னர்க் கண்டதில்லை.

அவ்விடையில் நாம் முன்னர் எழுப்பிய வினாவுக்குத் தீர்ப்பு உளது. ஆங்கில நடிகனுக்கு நண்பர்கள் நற்பேற்றை வேண்டுகின்றனர். பூச்செண்டு அவனை நோக்கிச் செல்கின்றது. தோட்டத்துக் கூத்தனோ தன் நோன்பால் பிறருக்கு நற்பேற்றை ஈட்டுகின்றான். மங்கலம் அவனிடமிருந்து அவையை நோக்கிச் செல்கின்றது. அருச்சுனன் தபசிலே இதனைக் கண்கூடாகவே காணலாம். உயர்ந்து நிற்கும் தபசு மரத்தில் அருச்சுன வேடம் பூண்டவர் படிப்படியாகப் பாடி ஏறுவார். உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சங்கனியையும் திருநீற்றையும் மடியேந்திப் பெறுவதற்கு மகப்பேறு வேண்டும் பெண்கள் கீழே காத்து நிற்பர். பொன்னர் சங்கரிலே படுகளத்தில் வீழ்ந்தவர்கள் எழுப்பப்படும்வரை எவரும் அவ்விடத்தை விட்டு அகலார். கண்டிய மலைநாட்டுச் சிங்கள மக்களிடையே, அறுவடைக் களத்திலே, பத்தினித் தெய்வத்தை முன்னிட்டு ஆடப்பெறும் சொக்கரியும் இவ்வகையினதே. அங்கும் ஆடுவோர்க்கன்று, விளைவுக்கும் ஊருக்குமே நலம் வேண்டப்படுகின்றது. மொழியால் வேறுபட்ட இரு மக்களின் கூத்துகள் இக்கருத்தில் ஒன்றுபடுதல் மகிழ்தற்குரியது.

மூன்றாவது, கம்பம் நடுதல். தலைக்கோல் பகையரசனிடமிருந்து கவர்ந்த குடையின் காம்பு. வெற்றிபெற்ற அரசின் சின்னம். காமன் கம்பமோ வேலியோரத்தில் வளரும் ஆமணக்கு. அதனை நட்டவர் அரசரல்லர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள் அவர்கள். குடியிருந்த லயமும் உழைத்த மலையும் தோட்டத்துக்கே உரியன. உழைத்தவர்க்கு ஒரு பிடி மண்ணும் உரிமையில்லை. அத்தகையோர் ஆண்டிலே அரைத்திங்கள் ஒரு கம்பத்தை நட்டு, காப்பு அவிழும்வரை அதனைத் தொடவோ அகற்றவோ ஒருவரும் துணியாதவாறு செய்தனர் என்றால், அந்நாள்களில் அந்நிலம் எவருடையது? முதல் இரவின் சடங்கு ஈண்டு நற்குறி வேண்டுதல் என்னும் அளவைக் கடந்து, இம்மண்ணிலே எங்களுக்கும் இடமுண்டு என்னும் வாய்திறவா வழக்காடலாகவும் அமைகின்றது.

கூத்தின் கதையும் இதனோடு பொருந்துகின்றது. கந்தபுராணத்துக் காமன் தானே விரும்பிச் சிவபெருமான்மீது கணை தொடுக்கச் சென்றவனல்லன். இயலாது என்று மறுத்து, பிரமன் சபிப்பதாக அச்சுறுத்திய பின்னரே வேறு வழியின்றிச் சென்றவன். மேலிடத்தார் காரியத்துக்காக ஏவப்பட்டு எரிந்துபோன ஏவலாளனின் கதையும், அவன் உயிரை மீட்டுத் தரும்படி வாதாடும் மனைவியின் கதையும், பிறர் செல்வத்துக்காக மலையேறி மாண்டோரின் வழிவந்தவர்க்கு வேற்றார் கதையாகத் தோன்றுமா? தீக்குறிகளை அகற்றச் சடங்கு செய்து தொடங்கும் கூத்து, தீங்கென்று தெரிந்தே கட்டளைக்கு அடங்கிச் சென்றவனைப் பற்றியதாயிருத்தல் எண்ணி எண்ணி உணரத்தக்கது. ஆதலினால்தான் ரதியின் புலம்பலைக் கேட்கும் தாய்மார் அதனை நடிப்பென்று கருதாமல் தம் வீட்டு இழவாகக் கொண்டு அழுகின்றனர்.

இதுகாறும் போற்றத்தக்கன கூறினோம். குறை காணவேண்டிய இடங்களையும் மறைத்தல் திறனாய்வாகாது. தப்பு முழங்காமல் கம்பம் ஊன்றப்படுவதில்லை. மங்கலத்தின் முதலொலி தப்பினுடையதே. ஆயினும் அதனை முழக்கியவரைச் சாதியின் பெயரால் எட்ட நிறுத்திய வழக்கமும் அதே களத்தில் இருந்தது. கையை வேண்டி, கைக்குரியவனை வேண்டாத மங்கலம் என்ன மங்கலம்? இரண்டாவது, பெண்ணின் துயரத்தையே உயிராகக் கொண்ட கூத்திலே மரபுவழிப் பெண்ணுக்கு வேடமில்லை. கால் கழுவும் நீர் அவளுடையது, கண்ணீர் அவளுடையது, ரதி மட்டும் ஆணுடையவள். அவையின் உடன்பாடே அரங்கின் காவல் என்று மேலே கண்டோம். அவையிற் பாதியைப் புறத்தே நிறுத்திய காவல் அரைக்காவலே என்று கூறத் தயங்க வேண்டுவதில்லை. மரபு தூயது என்று வாளா இருப்போர், அசுரர்க்கும் நாடகத்தில் இடமளித்த பிரமனை மீண்டும் படித்தல் நன்று.

மற்றொரு குறை நம்மைச் சார்ந்தது. அஃதாவது கற்றோரையும் கல்விக்கூட மேடையையும் சார்ந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே 1962ஆம் ஆண்டில் 'கர்ணன் போர்' கூத்தை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். விடிய விடிய ஆடப்பெற்றதைச் சுருக்கி, நகரத்து அவைக்கேற்பச் செம்மை செய்தார். கூத்து என்றாலே முகஞ்சுளித்த கற்றோர் அதன்பின் அதனைக் கலையென ஏற்றனர். அப்பணியின் அருமையை எவரும் மறுக்கவியலாது. அவர் மட்டக்களப்பு அண்ணாவிமாரின் பயிற்சியையும் ஆட்ட நுணுக்கத்தையும் மதித்துச் சுருக்கினார். பின்வந்தோருட் பலர் சுருக்குதலை மட்டுமே கற்றுக்கொண்டனர்.

பல்லாண்டுகளுக்கு முன் கூத்துப் போட்டி ஒன்றுக்கு எம் மாணவரை அழைத்துச் சென்றேன். காமன் கூத்து, இருபது நிமிட வரையறை. தோட்டத்திலிருந்து முதிய வாத்தியார் ஒருவர் வந்து பழக்கியிருந்தார். மேடைக்குப் பின்னே கர்ப்பூரம் ஏற்றி, பரிசு கிடைக்கவேண்டும் என்று பிள்ளைகள் கைகூப்பினர். வாத்தியார் ஒன்றும் கூறவில்லை. காமன் எரிந்தான், ரதி புலம்பத் தொடங்கினாள், மணி அடித்தது, திரை விழுந்தது. நடுவர் குற்றம் அதுவன்று. கால அளவை அறிந்தும் கூத்தை ஒழுங்குபடுத்தாத குற்றம் என்னுடையதே. பரிசைப் பற்றிய பேச்சோடு நாங்கள் புறப்பட ஆயத்தமானபொழுது வாத்தியாரைக் காணவில்லை. மண்டபத்தின் பின்புறத்து மரத்தடியில் ரதி வேடச் சிறுவனையும் மன்மத வேடச் சிறுவனையும் நிறுத்தி, தப்பு இல்லாமையால் தகரப் பெட்டி ஒன்றைத் தட்டி, உயிர்ப்பிக்கும் பாட்டை மெல்லிய குரலிற் பாடிக்கொண்டிருந்தார். பாடி முடித்து, சிறுவர் கையிலிருந்த காப்பைத் தாமே அவிழ்த்த பின்னரே பஸ்ஸில் ஏறினார். "எரிச்சதை அப்பிடியே விட்டுட்டுப் போனா யாருக்குச் சார் பொறுப்பு?" என்பதே அவர் எங்களிடம் கூறியது.

பரிசு வேண்டி நாங்கள் ஏற்றிய கர்ப்பூரமும், எவரும் காணாத மரத்தடியிலே அவர் பாடிய பாட்டும் ஒன்றா? இரண்டும் நம்பிக்கை சார்ந்தனவே. ஆயினும் முன்னது தன்னை நோக்கியது. பின்னது பொறுப்பை நோக்கியது. சடங்கின் புறவடிவமாகிய கர்ப்பூரத்தையும் தேங்காயையும் நாம் காத்துக்கொண்டோம். அதன் உயிராகிய கட்டுப்பாட்டை இழந்துவிட்டோம். முன்னர்க் கூத்தன் அவைக்காக நோன்பிருந்தான். இன்று அவை தனக்காகக் கைதட்ட வேண்டும் என்று நோன்பிருக்கின்றான். திசை மாறிவிட்டது. நற்குறி நாடும் வழக்கம் வெறும் மூடநம்பிக்கையாக மாறும் இடம் இதுவே.

பகுத்தறிவு பேசுவோர், 'கயிற்றிலும் கம்பத்திலும் ஒன்றுமில்லை. பயிற்சியே நடிகனைக் காக்கும்' என்பர். பயிற்சி வேண்டும் என்பதில் எமக்கு மாறுபாடில்லை. மூன்றாம் பிறை முதல் முழுநிலவு வரை இரவுதோறும் கம்பத்தைச் சுற்றி ஆடுதலினும் கடிய ஒத்திகை எந்நாடகக் கழகத்தில் உளது? மட்டக்களப்பிலே சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் எனப் படிப்படியாக அமைந்த முறையும் ஒத்திகையைச் சடங்காக்கியதேயாம். கயிற்றிலே மந்திர வலிமை இல்லை என்றே கொள்வோம். ஒரு மனிதனைத் தவறணைக்குப் போகாமல் தடுத்து, அவனைத் தன் லயம் முழுவதற்கும் பொறுப்பாளியாக்கும் வலிமை அதற்கு உண்டு. அவ்வலிமையை வேறு எவ்வகையாற் பெறலாம் என்று கூறிய பின்னரே கயிற்றை அறுத்தல் முறை.

இன்று இவ்வினா முன்னையினும் கூர்மையுற்றுள்ளது. 1964ஆம் ஆண்டு இலங்கை இந்திய ஒப்பந்தத்தின் பயனாகப் பல்லாயிரம் குடும்பங்கள் கடல் கடந்தன. பாடத் தெரிந்தவர் அக்கரையிலும் ஆடத் தெரிந்தவர் இக்கரையிலுமாகப் பிரிந்த தோட்டங்கள் பல. 1983ஆம் ஆண்டின் வன்செயல் பதுளையையும் விட்டுவைக்கவில்லை. நாடற்றவராய் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை கிட்டியது. இளைஞர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் தொழில் தேடிச் செல்கின்றனர். கம்பம் நடுவதற்கு மண்ணும் ஆமணக்கும் உள. பதினைந்து நாள் காப்புத் தாங்கி இருத்தற்கு ஆளைத் தேட வேண்டியுள்ளது. எஞ்சிய பாடல்களைத் தொகுத்தும் ஒலிப்பதிவு செய்தும் காத்தல் இன்றியமையாத பணி. ஆனால் பாட்டு ஏட்டில் நின்றாலும் பொறுப்பு ஏட்டில் நில்லாது. அது கைமாறிக் கைமாறி வரவேண்டியது.

ஆகவே, மாணவ நடிகர்க்கும் அவர்களைப் பழக்கும் ஆசிரியர்க்கும் பணிவுடன் கூறவேண்டுவது இதுவே. மேடையேறும் நாளில் வலக்காலை முன்வையுங்கள். அது இளங்கோவடிகள் காலத்து வழக்கு. கர்ப்பூரம் ஏற்றுங்கள், விரும்பாவிடின் விட்டுவிடுங்கள். ஆனால் பரிசை வேண்டி ஏற்றாதீர்கள். தப்படிப்பவரை முன்வரிசையிலே நிறுத்துங்கள். ரதியாக ஆட விரும்பும் பெண்ணுக்கு வழிவிடுங்கள். கூத்தைச் சுருக்கலாம், எரித்தவனை எழுப்பாமல் திரையை விழவிடலாகாது. கையிலே கயிறு கட்டினாலும் கட்டாவிட்டாலும், எடுத்துக்கொண்டதை நிறைவு செய்யாமல் வீடு திரும்புவதில்லை என்னும் உறுதி இருக்குமாயின், அதுவே காப்பு.